கவிழ்த்து வைத்த குருவித் தொட்டி

ஹார்லன் ஃபால்ஸ், விஸ்கான்சின்
மே 6

அன்புள்ள மார்லிஸ்,

நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வலது கையில் இரண்டு விரல்களை வெட்டிக் குப்பையில் போட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவன் எப்படி நலமாக இருப்பான்? சோப்பு பாதியாகக் கரைந்துவிட்டது. கராஜில் கிரீஸ் போக்க வைத்திருக்கும் ஆரஞ்சுப் பசையையும் போட்டுத் தேய்த்தாயிற்று. இன்னும் நாறுகிற மாதிரியே இருக்கிறது. எல்லாம் உன் குருவித் தொட்டியால் வந்த வினை.

உன் தங்கை ஜோயன் காரைக் கிளப்புவதற்கு முன்னால் நீ இரண்டே விஷயம் சொன்னாய். போன் பண்ணாதே, எழுது. தொட்டியைச் சுத்தமாக வைத்துக்கொள். "நான் திரும்பி வர்றதா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றாய். ஒரு சிமென்ட் தட்டு, அதில் நாலு சொம்புத் தண்ணீர், இதில் என்ன பெரிய வேலை இருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டினேன்.

முதல் வாரத்திலேயே தண்ணீர் பச்சையாகிவிட்டது. அடியில் சளி மாதிரி ஏதோ படிந்து, காற்றடித்தால் அசைகிறது. இதில் இறகு, செத்த ஈ, பாதி தின்ற புழு. இந்தச் சாக்கடையில் வந்து இதுகள் குளிக்கவும் செய்கின்றன, குடிக்கவும் செய்கின்றன. நான் எட்டி நின்று ஹோஸால் பீய்ச்சினேன். அது தெறித்து என் மூக்குக் கண்ணாடியிலும் உதட்டிலும் விழுந்தது. உதட்டில், மார்லிஸ்! அப்படியே பல் விளக்கப் போய்விட்டேன்.

அப்புறம்தான் இந்த வெள்ளைச் சமாச்சாரம் ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் தொட்டியில் வெள்ளை வெள்ளையாக, சுண்டுவிரல் நுனி அளவில், மென்று துப்பிய சூயிங்கம் போலக் கிடக்கிறது. அள்ளிப் போட்டால் மத்தியானம் இன்னும் கூடுதலாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு வெர்லின் சிகரெட்டை விட்டதிலிருந்து மாடு அசை போடுவது போல கம் மென்றுகொண்டே திரிகிறான் அல்லவா? வேலிக்கு அந்தப் பக்கம் நின்று குறி பார்த்துத் துப்புகிறான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்று ஒன்றை நாப்கினில் எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். "வெர்லின், இது உன்னுதுதானே? பொய் சொல்லாத" என்றேன். அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "எனக்கு எதுக்குடா அது?" என்றான். "உன் வாயில இருந்துதான் வந்துச்சு, பாரு, இன்னும் மெத்துன்னு இருக்கு" என்று சொல்லி, அவன் மூக்குக்கு நேராக அதை இரண்டு விரலால் அழுத்திக் காட்டினேன்.

அதற்குத் தோல் இருந்தது. தோல் உடைந்தது.

"ஓரின்! அது கம் இல்லடா! குருவிக் குஞ்சோட பீ அது!" என்று அவன் படியில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி கார்லா ஓடி வந்து, விஷயம் கேட்டு, அவளும் சிரித்தாள். நான் அவர்கள் வாசலிலேயே வாந்தி எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எல்லோரும் காப்பிக்குக் கூடும்போது இந்தக் கதைதான் ஓடப் போகிறது.

இதுதான் நான் செய்ய வேண்டிய வேலையா? நீயே சொல்.

உன்,
ஓரின்


டுலூத், மினசோட்டா
மே 11

அன்புள்ள ஓரின்,

உன் கடிதத்தை ஜோயனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "தோல் உடைந்தது" என்ற இடத்தில் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் வயிறு குலுங்கி, வயிற்றில் ஒட்டியிருக்கும் மலப்பை ஒரு பக்கம் பிரிந்து, உள்ளே இருந்தது இடுப்பு வழியாக வழிந்து ஜோயனின் புது சோபாவில் இறங்கிவிட்டது. இந்த வரியை நீ தாண்டிப் படித்திருப்பாய். திரும்பிப் போய்ப் படி. அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து என் வாழ்க்கை இப்படித்தான் இருக்கிறது.

அந்த வெள்ளைப் பொட்டலம் கிராக்கிளோடது. கழுத்தில் எண்ணெய் ஊற்றினது போல நீலமாக மின்னும், மஞ்சள் கண்ணால் முறைக்கும், அந்தக் கறுப்புப் பறவை. நம் ஸ்புரூஸ் மரத்தில் வருஷா வருஷம் கூடு கட்டுகிறது. குஞ்சு இருக்கும்போது கூடு நாறக்கூடாது என்று தாயும் தகப்பனும் அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் போட்டுவிட்டுப் போகும். எதில் தூக்கிக்கொண்டு வரும் தெரியுமா? வாயில், ஓரின். தகப்பனும் வாயில்தான் தூக்குகிறது.

தூரத்தில் நின்று தண்ணீர் பீய்ச்சுவது கழுவுவது ஆகாது. தொட்டியைச் சாய்த்துக் கொட்டு. ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர். சின்க்குக்கு அடியில் இருக்கும் கட்டை பிரஷை எடுத்து அடி, பக்கம், விளிம்பு எல்லாம் தேய். பிளீச் வாடை போகும்வரை அலசு. வெயிலில் காயட்டும். பிறகு விரல் மூட்டு அளவுக்கு மட்டும் தண்ணீர் விடு. பாத்திர சோப்பு வேண்டாம், அது இறகில் இருக்கும் எண்ணெயை எடுத்துவிடும். குஞ்சுகள் கூட்டை விட்டுப் போகும்வரை தினமும் செய்ய வேண்டும். ஒரு நாள் விட்டாலும் அந்த மலத் தண்ணீரைத்தான் மற்றக் குருவிகள் குடிக்கும், நோய் வந்து சாகும்.

இதுதான் நான் செய்ய வேண்டிய வேலையா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், இதுதான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், இது உனக்கு நான் வைத்திருக்கும் பரீட்சை. பை நிரந்தரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வயிற்றோடுதான் நான் இனி உண்ண வேண்டும், உறங்க வேண்டும், உன் பக்கத்தில் படுக்க வேண்டும். ஒரு பறவையின் எச்சத்தைத் துடைக்க முடியாதவனோடு நான் என்ன குடித்தனம் நடத்துவது?

ஒவ்வொரு நவம்பரிலும் மானைச் சுட்டு, பனியில் போட்டு, வயிற்றைக் கிழித்துக் குடலை வெறுங்கையால் வாரி வெளியே போடுகிறவன் நீ. ரத்தத்தோடு அந்தக் கையாலேயே சாண்ட்விச் தின்பாய். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஜோயன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். வெர்லினிடம் மன்னிப்புக் கேள்.

மார்லிஸ்


ஹார்லன் ஃபால்ஸ்
மே 19

என் அன்பு மார்லிஸ்,

உன் உத்தரவுப்படியே எல்லாம் நடக்கிறது. காலையில் காப்பிக்கு முன்னால் அதுதான் முதல் வேலை. பிளீச், பிரஷ், அலசல், காயவைத்தல், எல்லாம் முறையாகச் செய்கிறேன். தொட்டி இப்போது விருந்துத் தட்டு மாதிரி பளபளக்கிறது. நீ பார்த்தால் ஆச்சரியப்படுவாய். பழகிவிட்டால் ஒன்றுமே இல்லை, கையுறை கூடத் தேவைப்படவில்லை.

குருவிகளும் சந்தோஷமாக இருக்கின்றன. நேற்று ஒரு ராபின் அரை மணி நேரம் குளித்தது.

வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குப் போனேன். எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். சீக்கிரம் வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெர்லினிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவன் எனக்கு ஒரு பாக்கெட் சூயிங்கம் பரிசாகக் கொடுத்தான், தடியன்.

அந்த விஷயம் எப்படி இருக்கிறது? வலி ஏதும் இல்லையே?

பரீட்சையில் பாஸ் என்று எழுதிவிடு. எந்த நாள் என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

உன்,
ஓரின்


டுலூத்
மே 25

ஓரின்,

கார்லா போன் செய்தாள்.

"மார்லிஸ், உன் வீட்டுக்காரன் தொட்டியைக் கவுத்துப் போட்டு, மேல ஜெரேனியம் பூந்தொட்டிய வச்சுட்டான்டி. ரெண்டு வாரமாச்சு. அந்தக் கறுப்புச் சனியன்லாம் தண்ணி தேடிக்கிட்டு எங்க பேரப் பசங்களோட பிளாஸ்டிக் குளத்துல கொண்டாந்து போடுது. சின்னவன் அதை எடுத்து வாயில வைக்கப் போனான்! நல்ல வேளை நான் பாத்தேன். உன் காதுல போடணும்னு தோணுச்சு."

அரை மணி நேரம் குளித்த ராபின் எங்கே குளித்தது, ஓரின்? ஜெரேனியத்திலா?

அருவருப்பு என்று ஒரே வரி எழுதியிருந்தால் கூட நான் திட்டிவிட்டு விட்டிருப்பேன். பளபளக்கிறது என்று எழுதினாயே, கையுறை கூட வேண்டாம் என்று எழுதினாயே, எந்த முகத்தோடு எழுதினாய்? எனக்கு இப்போது உன்னை நினைத்தால் குமட்டுகிறது. என் பையைக் காலி செய்யும்போது கூட இப்படிக் குமட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன்னைக் கட்டில் பக்கம் கூப்பிட்டாள். "வாங்க சார், எப்படி மாத்துறதுன்னு கத்துக்குங்க" என்று பிளாஸ்டரைப் பிரித்தாள். என் வயிற்றில் வெளியே எடுத்து வைத்த குடல் நுனி சிவப்பு மொட்டு போலத் தெரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மேலுதடு தூக்கிக்கொண்டது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து கெட்டுப்போன பாலை முகர்ந்தது போல உன் மூக்கு சுருங்கியது. "வண்டிய தள்ளி நிறுத்திட்டு வந்துடுறேன்" என்று போனாய். சாயங்காலம் பூங்கொத்தோடு வந்து "எனக்கு ஒண்ணும் இல்ல, உன் வயித்தப் பாத்து நான் ஏன் முகம் சுளிக்கப் போறேன்?" என்றாய்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடந்தது? விருந்தாளி அறையில் போய்ப் படுத்துக்கொண்டு, முதுகு வலி என்றாய். வெளியே பனி கிடக்க, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, புழுக்கம் என்றாய். மேஜை மேல் வெனிலா மெழுகுவர்த்தி ஏற்றி, அழகுக்கு என்றாய். நான் குளியலறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவதற்குள் நீ உள்ளே போய்ப் பைன் வாசனை ஸ்பிரே அடிப்பாய். அந்த 'ஸ்ஸ்' சத்தம் எனக்குப் படுக்கையறை வரை கேட்கும். தினமும் கேட்டேன். என்னை ஒரு குப்பைத் தொட்டி போல நடத்திவிட்டு, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே இருந்தாய்.

நான் அங்கே வரப்போவதில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. என் குளிர்காலத் துணிகளைப் பெட்டியில் கட்டி வை. ஜோயனின் மகன் வந்து எடுத்துக்கொள்வான்.

மார்லிஸ்


ஹார்லன் ஃபால்ஸ்
ஜூன் 3

மார்லிஸ்,

கார்லா சொன்னது அத்தனையும் உண்மை. கவிழ்த்துத்தான் வைத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே ஜெரேனியத்தை எடுத்துவிட்டுத் தொட்டியை நிமிர்த்தினேன். அடியில் என்ன இருந்தது என்று சொல்லட்டுமா? கழுவாமல் அப்படியே கவிழ்த்த அந்தப் பாசியும் எச்சமும் புல்லோடு சேர்ந்து அழுகி, கறுப்புக் களியாகியிருந்தது. அதில் கொழுத்த நத்தைகள், ஓடு இல்லாதவை, ஒன்றின் மேல் ஒன்று. மூடி வைத்ததில் வாடை பத்து மடங்கு ஆகியிருந்தது. பிரஷை எடுத்துத் தேய்த்தேன். முதல் தேய்ப்பிலேயே உன் பியோனிச் செடி மேல் வாந்தி. வாயைத் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தேன். மறுபடி வாந்தி. செடி பிழைக்குமா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் செய்கிறேன். நீ நம்ப வேண்டாம், கார்லாவைக் கேள். வெர்லின் காப்பியோடு வேலிக்கு வந்து நிற்கிறான், தியேட்டருக்கு வந்தவன் மாதிரி. "என்ன ஓரின், இன்னிக்கு வாந்தி உண்டா?" என்கிறான். "உண்டு, இரு" என்கிறேன். ஒரு நாள் கையுறை கிழிந்து, உள்ளே விரலுக்கு விரல் அந்தக் கொழகொழப்பு இறங்கிவிட்டது. அழுகை வந்துவிட்டது. அறுபத்தாறு வயதுத் தடியன் கொல்லையில் நின்று அழுகிறேன். வெர்லின் அதற்குச் சிரிக்கவில்லை. "முடிச்சிடு, முடிச்சிட்டு உள்ள வா, காப்பி தரேன்" என்றான். முடித்துவிட்டுத்தான் போனேன்.

மானைப் பற்றிக் கேட்டிருந்தாய். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மான் செத்தது, எனக்கு அதனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது குடல், அவ்வளவுதான். உன் வயிற்றில் அந்தச் சிவப்பைப் பார்த்தபோது, உள்ளே இருக்க வேண்டிய மார்லிஸ் வெளியே வந்துவிட்டாள், இனி இவள் பிழைக்கமாட்டாள் என்று நடுங்கிவிட்டேன். ஆனால் வெறும் பயம் என்று சொன்னால் அதுவும் பொய். நாற்றமும்தான். அருவருப்பும்தான். என் பெண்டாட்டியைப் பார்த்து எனக்குச் சீ என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக என் மேலேயே எனக்குச் சீ என்று இருந்தது. அதை மறைக்கத்தான் ஸ்பிரே, மெழுகுவர்த்தி எல்லாம்.

நீ விட்டுப் போன பைகள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய அலமாரியில் இருக்கின்றன. நர்ஸ் கொடுத்த படம் போட்ட தாளும் இருந்தது. அதைப் பார்த்து, ஓட்டையை அளவாக வெட்டி, ஒன்றை என் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டேன். உள்ளே ஓட்ஸ் கஞ்சி ஊற்றினேன், சூடாக. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அப்படியே போனேன். பாட்டுக்கு எழுந்து நிற்கும்போது அது தொங்குகிறது, உட்கார்ந்தால் பிதுங்குகிறது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுமோ, வழிந்துவிடுமோ என்று பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பிய்த்தபோது வயிற்று முடியெல்லாம் அதோடு வந்துவிட்டது. போட்ட கூச்சலில் கார்லா கதவைத் தட்டினாள். நான் வீட்டுக்கு வந்து கழற்றிப் போட்டுவிட்டேன். உனக்குக் கழற்ற முடியாது. அந்த யோசனை அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டது.

கிராக்கிள் குஞ்சுகள் பறந்துவிட்டன. இனி பொட்டலம் வராது என்று கார்லா சொல்கிறாள். தொட்டியைத் தேய்ப்பதை நான் நிறுத்தவில்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அருவருப்பு போகவே இல்லை. கொஞ்சமும் போகவில்லை. நாளைக்கு நீ வந்து சட்டையைத் தூக்கினாலும் என் உதடு மேலே போகும், மூக்கு சுருங்கும். அதை அடக்க எனக்குத் தெரியவில்லை. குமட்டிக்கொண்டே வேலையை முடிக்க மட்டும் இப்போது தெரியும். இது போதாது என்றால் போதாது என்று எழுதிவிடு, நான் புரிந்துகொள்வேன். துணிகளை இன்னும் பெட்டியில் கட்டவில்லை. கட்டச் சொன்னால் கட்டுகிறேன்.

ஓரின்


டுலூத்
ஜூன் 9

அன்புள்ள ஓரின்,

உன் கடிதத்தை ஜோயனுக்குப் படித்துக் காட்டவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன்.

ஜோயன் தங்கமான பெண். பை மாற்றும் நாளில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டே பிளாஸ்டரைப் பிரிப்பாள். "இதுல என்னக்கா இருக்கு? எல்லாருக்கும் உள்ள இருக்கறதுதானே, உனக்கு வெளிய வருது" என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது, பூ கட்டுவது போலச் சிரித்த முகம். நர்ஸும் அப்படித்தான். இங்கே சர்ச்சிலிருந்து பார்க்க வரும் பெண்களும் அப்படித்தான். இயற்கை, இயற்கை என்கிறார்கள். எனக்கு அவர்கள் எல்லோரையும் பிடித்து அறைய வேண்டும் போல இருக்கிறது.

ஏனென்றால் நான் இன்றுவரை அதைப் பார்க்கவில்லை, ஓரின். ஒரு முறை கூடப் பார்க்கவில்லை. பிளாஸ்டர் பிரியும் சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். காலி செய்யும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு கைத்தடவலிலேயே செய்கிறேன். அதனால்தான் வழிகிறது. ஒரு நாள் கை தவறி அதன் மேல் பட்டுவிட்டது. சூடாக, ஈரமாக, அசைந்தது. வாளியில் வாந்தி எடுத்தேன். என் உடம்பு, என் குடல், அதைத் தொட்டதற்கு நானே வாந்தி எடுத்தேன். குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் என் மேலுதடு தூக்கிக்கொண்டிருந்தது. உன் முகமேதான்.

இதை ஜோயனிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் "சீச்சீ, அப்படி நினைக்காதே" என்பாள். எனக்கு அப்படித்தான் நினைக்க வருகிறது. என்னோடு சேர்ந்து அப்படி நினைக்க இந்த ஊரில் ஆள் இல்லை.

நீ செய்ததை நான் மறந்துவிட்டேன் என்று எண்ணாதே. அந்த ஸ்பிரே சத்தத்தை இன்னொரு தடவை கேட்டேன் என்றால், டப்பாவை உன் தலையிலேயே போடுவேன். ஒன்றும் இல்லை என்று இன்னொரு தடவை சொன்னாலும் அப்படித்தான். நாறினால் நாறுகிறது என்று சொல். நானும் சொல்கிறேன்.

சனிக்கிழமை பை மாற்றும் நாள். ஜோயனைக் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். நீ பிரித்துவிடு, இந்த முறை நானும் பார்க்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து சீ என்று சொல்லிக்கொண்டே ஒட்டி முடித்துவிடலாம். பத்து மணிக்குள் வந்துவிடு. ஒன்றும் சாப்பிடாமல் வா. நானும் சாப்பிடமாட்டேன். வாளி இங்கே இரண்டு இருக்கின்றன.

உன்,
மார்லிஸ்